மூடிய அறைக்குள் ஓர் ஒலிவாங்கி

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மனிதரின் ஆராய்ச்சி வாழ்க்கை. அவர் பெயர் கார்ல் ரோஜர்ஸ். அமெரிக்கர், மருத்துவ உளவியலாளர். 1902இல் பிறந்தவர், 1987இல் மறைந்தவர். ஆலோசகர் பயிற்சி வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் முதல் வாரத்திலேயே அறிமுகமாகிவிடும். பரிவோடு கேட்கச் சொன்னவர், தீர்ப்புச் சொல்லாதிருக்கச் சொன்னவர், வந்தவரை உள்ளபடியே ஏற்கச் சொன்னவர் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்த ரோஜர்ஸை நீங்கள் அறிவீர்கள். நான் இன்னொரு ரோஜர்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பரிவு உண்மையிலேயே குணப்படுத்துகிறதா என்று அளந்து பார்க்கத் துணிந்த ரோஜர்ஸ். தன் குரலையே பதிவு செய்து, பிறர் கையில் கொடுத்து, குறை இருந்தால் காட்டுங்கள் என்று சொன்ன ரோஜர்ஸ்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகிறோம். மருந்து தருகிறார். காய்ச்சல் இறங்கிற்றா இல்லையா என்று தெர்மாமீட்டர் சொல்லிவிடும். ஆனால் மனம் நொந்து ஒருவர் உளசிகிச்சைக்குப் போகிறார். அறைக்குள் இரண்டு நாற்காலிகள். கதவு சாத்தப்படுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கிறது. உள்ளே என்ன நடந்தது? யார் பேசினார்கள்? எந்தச் சொல் உதவியது, எந்தச் சொல் காயப்படுத்தியது? யாருக்குத் தெரியும்?

1940 வரைக்கும் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்தது: சிகிச்சையாளரின் நினைவு. பிராய்டு தம் நோயாளிகள் சொன்னதை மாலையில், வேலை முடிந்த பிறகு, நினைவிலிருந்து எழுதி வைப்பார். அந்தக் குறிப்புகளின் மேல்தான் பெரிய கோட்பாடுகள் எழுந்தன. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிபார்க்க வழி இருந்ததா? இல்லை.

அந்த வழியைத் திறந்தவரின் கதைதான் இது. அது ஒரு மாட்டுப் பண்ணையில் தொடங்குகிறது.

ரோஜர்ஸுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது குடும்பம் சிகாகோ நகரின் புறப்பகுதியிலிருந்து கிராமத்துப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. கட்டுப்பாடு மிக்க கிறித்தவக் குடும்பம். சீட்டாட்டம் கூடாது, நாடகம் கூடாது, நடனம் கூடாது. நண்பர்கள் அதிகம் இல்லாத பையன். இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்தான், அவற்றைப் பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படித்தான். தந்தையோ பண்ணையை அறிவியல் முறைப்படி நடத்த விரும்பியவர். அதற்காக வாங்கி வைத்திருந்த நூல்களில் கால்நடைத் தீவனம் பற்றி மாரிசன் எழுதிய தடித்த நூல் ஒன்று. பதினான்கு வயதில் அதையும் பையன் விடாமல் படித்தான்.

அந்த நூலில் என்ன இருந்தது? ஒரு புதிய தீவனம் நல்லதா என்று எப்படிக் கண்டறிவது? ஒத்த மாடுகளை இரண்டு கூட்டமாகப் பிரி. ஒரு கூட்டத்துக்குப் புதிய தீவனம், இன்னொன்றுக்குப் பழைய தீவனம். மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். பிறகு பாலை அளந்து பார். ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாமல் 'இந்தத் தீவனத்தால்தான் பால் கூடிற்று' என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. அறிவியல் என்றால் என்ன என்பதை அந்த நூலில்தான் முதலில் கற்றதாக ரோஜர்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். பண்ணையில் கற்ற அந்தப் பாடத்தைப் பின்னால் அவர் மனித மனத்தின் துயரத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேளாண்மை படிக்கப் போனார், பிறகு வரலாற்றுக்கு மாறினார். 1922இல் மாணவர் மாநாட்டுக்காகச் சீனாவுக்குப் போனார். போதகராகப் பயிற்சி பெற நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து சாலையைக் கடந்து கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்குப் போய் உளவியலில் முனைவர் படிப்பை மேற்கொண்டார். 1928இல் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தில் வேலை. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள்.

அங்கேதான் முதல் அடி விழுந்தது. தீ வைக்கும் பழக்கமுள்ள ஒரு சிறுவன். அன்றைய கோட்பாட்டின்படி அந்தப் பழக்கத்தின் வேரைப் பாலுணர்வுக் குழப்பம் ஒன்றில் கண்டுபிடித்தார் ரோஜர்ஸ். காரணம் தெரிந்துவிட்டது, புதிர் அவிழ்ந்துவிட்டது. பையன் வெளியே வந்தான். மறுபடியும் அதே சிக்கலில் மாட்டிக்கொண்டான். நூலில் இருக்கும் காரணமும் குழந்தைக்குள் இருக்கும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற ஐயம் அவருக்கு வந்தது.

இரண்டாவது நிகழ்ச்சியைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அடங்காத ஒரு பையனின் தாய். பையன் குழந்தையாக இருந்தபோது தாய் அவனை ஒதுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ரோஜர்ஸ் முடிவு கட்டிவிட்டார். அதை அந்த அம்மாளுக்கு மெல்ல மெல்ல உணர்த்தப் பல சந்திப்புகளில் முயன்றார். பொறுமையாகப் பேசினார், அவர் தந்த செய்திகளையே தொகுத்துக் காட்டினார். எதுவும் நடக்கவில்லை. கடைசியில், 'நாம் இருவரும் முயன்றோம், முடியவில்லை. இத்துடன் நிறுத்திக்கொள்வோம்' என்றார். அந்த அம்மாளும் ஒப்புக்கொண்டார். கைகுலுக்கினார்கள். கதவு வரை போனவர் திரும்பினார். 'இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை சொல்வீர்களா?' என்று கேட்டார். சொல்வோம் என்றார் ரோஜர்ஸ். 'அப்படியானால் எனக்கு உதவி வேண்டும்' என்று, விட்டுப்போன அதே நாற்காலியில் வந்து அமர்ந்தார். கணவரோடு வாழ முடியாத வேதனை, தோற்றுப்போனோம் என்ற எண்ணம், குழப்பம் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொல்லிவந்த 'வழக்கு விவரத்துக்கும்' இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அந்த நிமிடத்தில்தான் தொடங்கிற்று, அது நல்லபடியாகவும் முடிந்தது.

எங்கே வலிக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? வலிக்கிறவருக்குத் தெரியும். எந்தத் திசையில் போக வேண்டும் என்பதும் அவருக்கே தெரியும். இதுதான் ராச்செஸ்டரில் அவர் கண்டது. நம்மில் பெரும்பாலோர் இத்தகைய ஒரு தரிசனம் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சொற்பொழிவு செய்துவிடுவோம். ரோஜர்ஸ் அதை ஓர் ஊகமாக மட்டுமே எடுத்துக்கொண்டார். ஊகத்தைச் சோதிக்க வேண்டாமா?

1940இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இந்த இடத்துக்குத்தான் உங்களை அழைத்துவர விரும்பினேன்.

டேப் ரிக்கார்டர் புழக்கத்துக்கு வராத காலம். செல்பேசியில் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவு செய்யும் மாணவர்கள் இதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆலோசனை அறையில் ஓர் ஒலிவாங்கி. அங்கிருந்து கம்பி இன்னோர் அறைக்குப் போகிறது. அங்கே இசைத்தட்டில் ஒலியை வெட்டிப் பதிக்கும் இயந்திரங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பேச்சுதான் பதியும். அதற்குள் அடுத்த இயந்திரத்தில் புதிய தட்டு சுழலத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாக்கியம் தொலைந்துபோகும். ஊசி வெட்டித் தள்ளும் இழைகளை உடனுக்குடன் துடைத்தெடுக்க வேண்டும். இப்படி ஒரு மணி நேரம்! பெர்னார்ட் கவ்னர் என்ற ஆராய்ச்சி மாணவர் இந்த ஏற்பாட்டில் முன்னின்று உழைத்தார். பிறகு அந்தத் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுக்க வேண்டும்.

மாணவர்களும் ஆசிரியரும் அந்த இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 'இந்த இடத்தில் ஏன் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்? நிறுத்தியவர் யார், நாம்தானே?' திரும்பப் போடு. 'இங்கே அவர் ஒரு படி முன்னால் போகிறார், அதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம்?' இன்னொரு முறை போடு. தங்கள் தவறுகளைத் தங்கள் காதாலேயே கேட்ட அந்த நாட்களின் பரவசத்தை எவ்வளவு சொன்னாலும் மிகையாகாது என்று பின்னாளில் ரோஜர்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கேட்டபோது என்ன தெரிந்தது? கவ்னர் ஓர் ஒப்பீடு செய்தார். ஆலோசகர்கள் சந்திப்புக்குப் பிறகு எழுதிய அறிக்கையை ஒரு பக்கம் வைத்தார், பதிவை மறு பக்கம் வைத்தார். பேசியதில் பெரும்பகுதி அறிக்கையில் இல்லை! போர்ட்டர் என்ற இன்னொரு மாணவர் சொற்களை எண்ணினார். அறிவுரை சொல்லி நடத்தும் ஆலோசகர்களையும், வந்தவர் போக்கிலேயே போகும் ஆலோசகர்களையும் ஒப்பிட்டார். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு சொற்களைப் பேசியிருந்தார்கள். ஆறு மடங்கு! உதவி கேட்டு வந்தவர் வாய் திறக்க இடம் எங்கே?

1942இல் 'ஆலோசனையும் உளசிகிச்சையும்' என்ற அவருடைய நூல் வந்தது. அதில் ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் ஒருவருடைய எட்டுச் சந்திப்புகள் முழுமையாக, சொல்லுக்குச் சொல் அச்சாகியிருந்தன. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு சிகிச்சையின் பதிவு முழுவதும் அச்சேறியது அதுவே முதல் முறை. ஆலோசகர் தடுமாறிய இடங்களும் அதில் இருந்தன, அவற்றுக்கு அடிக்குறிப்பில் விமர்சனமும் இருந்தது. மூடிய கதவு திறந்துவிட்டது, நண்பர்களே! இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் மறுக்கலாம்.

கதவைத் திறந்தாயிற்று. அடுத்த கேள்வி இன்னும் கடுமையானது. இதனால் மனிதர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா?

இதை லண்டனில் உளவியலாளர் ஹான்ஸ் ஐசன்க் 1952இல் உரக்கவே கேட்டார். மனச்சோர்வும் பதற்றமும் கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சை இல்லாமலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள். அப்படியானால் உங்கள் சிகிச்சை எதைச் சாதித்தது என்றார். பலர் கொதித்தார்கள். அவருடைய கணக்கில் ஓட்டைகள் உண்டு. அது வேறு விவாதம். ஆனால் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலையில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸும் அவர் குழுவும் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள்.

1945இல் அங்கே அவர் தொடங்கிய ஆலோசனை மையத்தில் பண்ணைப் பையன் திரும்ப வருகிறான். வந்தவர்களில் ஒரு பகுதியினர் 60 நாள் காத்திருந்த பிறகே சிகிச்சையைத் தொடங்கினார்கள். காலம் மட்டுமே குணப்படுத்துகிறது என்றால் இந்த 60 நாளில் மாற்றம் தெரிய வேண்டும் அல்லவா? இதைத் தவிர, சிகிச்சை நாடாத மனிதர்களைக் கொண்ட ஓர் ஒப்பீட்டுக் குழுவும் இருந்தது.

எதை அளந்தார்கள்? நூறு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வாக்கியம். நான் கடின உழைப்பாளி, நான் பிறருக்கு அடங்கிப்போகிறவன், என்னைப் பிறருக்குப் பிடிக்கும் என்பது போல. அவற்றை ஒன்பது அடுக்காகப் பிரிக்க வேண்டும். எனக்குக் கொஞ்சமும் பொருந்தாதது ஒரு முனை, மிகவும் பொருந்துவது மறு முனை. கடைசி அடுக்குகளில் ஒவ்வோர் அட்டைதான் வைக்கலாம், நடு அடுக்கில் 26. ஆகவே யோசித்துத்தான் வைக்க வேண்டும். முதலில் 'நான் இப்போது இப்படி இருக்கிறேன்' என்று அடுக்க வேண்டும். பிறகு அதே அட்டைகளை 'நான் இப்படி இருக்க விரும்புகிறேன்' என்று அடுக்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு ஒற்றுமை? அதை எண்ணாகக் கணக்கிட்டார்கள். முழு ஒற்றுமை என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0.

சிகிச்சைக்கு வந்தவர்களின் சராசரி, தொடக்கத்தில் கழித்தல் 0.01. அதாவது தாம் இருக்கும் விதத்துக்கும் இருக்க விரும்பும் விதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காத்திருந்தவர்களிடம் அந்த 60 நாளில் மாற்றம் இல்லை. சிகிச்சை முடிந்தபோது 0.34. பல மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தபோது 0.31, கிடைத்தது பெரும்பாலும் நிலைத்துவிட்டது. சிகிச்சை நாடாத குழுவுக்குத் தொடக்கத்தில் 0.58, முடிவில் 0.59.

இந்த எண்களை நான் முதன்முதலில் படித்தபோது என்னை நிறுத்தியது அந்த 0.34 அன்று, அதற்கும் 0.58க்கும் நடுவே இருந்த இடைவெளிதான். சிகிச்சைக்குப் பிறகும் அவர்கள் மற்றவர்கள் அளவுக்கு வந்துவிடவில்லை. அதை ரோஜர்ஸ் மறைத்தாரா? இல்லை. படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனையில் வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் கண்ட முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதையும் 1954இல் சக ஆய்வாளர் ரோசலிண்ட் டைமண்டுடன் சேர்ந்து வெளியிட்ட 'உளசிகிச்சையும் ஆளுமை மாற்றமும்' என்ற நூலில் அச்சிட்டார்கள். 1956இல் அமெரிக்க உளவியல் சங்கம் முதன்முறையாக வழங்கிய சிறந்த அறிவியல் பங்களிப்புக்கான விருது மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் ரோஜர்ஸ். பெயர் அறிவிக்கப்பட்டபோது அவர் கண்ணீர் விட்டார்.

அடுத்த ஆண்டே, 1957இல், அவர் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். சிகிச்சையாளர் வந்தவரின் உலகத்தை அவர் கண் வழியாகப் புரிந்துகொள்கிறார். நிபந்தனை இல்லாமல் மதிக்கிறார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இல்லாமல் மெய்யாக இருக்கிறார். இவை வந்தவருக்கும் தெரிகின்றன. இந்த நிலைமைகள் இருந்தால் மாற்றம் நிகழும், வேறெதுவும் தேவையில்லை. எவ்வளவு துணிச்சலான வாக்கு! ஒரே ஒரு சோதனையில் உடைந்துபோகக்கூடிய வடிவத்தில் அதை எழுதினார் அவர். பிறகு அதை உடைத்துவிடக்கூடிய இடத்தையும் தாமே தேடிப் போனார்.

விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகர், மெண்டோட்டா மாநில மருத்துவமனை. மனச்சிதைவு நோயாளிகள். சிகாகோவுக்கு வந்தவர்கள் தாமாக உதவி தேடி வந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். இங்கே இருந்தவர்கள் யாரையும் தேடவில்லை. பலர் பேசவே இல்லை.

அவர்களில் 28 வயது இளைஞர் ஒருவர். ரோஜர்ஸ் அவரை வாரம் இரண்டு முறை சந்தித்தார். அந்தச் சந்திப்புகளின் பதிவும் அச்சில் இருக்கிறது. படித்தால் பக்கத்துக்குப் பக்கம் மௌனம். நிமிடக் கணக்கில் மௌனம். ஓரிடத்தில் பதினைந்து நிமிடத்துக்கும் மேல். ரோஜர்ஸ் இடையில் மிகச் சிறியதாக ஏதேனும் சொல்வார், மறுபடியும் காத்திருப்பார். ஒரு நாள் அந்த இளைஞர், தான் யாருக்கும் பயன்படாதவன் என்றும், எப்போதும் அப்படித்தான் என்றும் சொன்னார். ரோஜர்ஸ் மறுக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. அப்படித்தான் உங்களுக்குத் தோன்றுகிறது என்பது எனக்குப் புரிகிறது என்ற பொருளில் பேசினார். இளைஞர் தனக்கு எதிலும் அக்கறை இல்லை என்றபோது, உங்களுக்கு உங்கள் மேல் அக்கறை இல்லாமல் போகலாம், எனக்கு இருக்கிறது என்றார். இளைஞர் உடைந்து, விம்மி விம்மி அழுதார். பிற்காலத்தில் அவர் மருத்துவமனையை விட்டு வெளியேறினார், வேலைக்குப் போனார். ஆண்டுகள் பல கழித்து, தான் நன்றாக இருப்பதாகச் சொல்ல ரோஜர்ஸுக்குத் தொலைபேசியில் பேசினார்.

இத்துடன் என் பேச்சை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது உண்மையில் பாதிதான். மெண்டோட்டாவில் நடந்த இந்த ஆய்வின் குழுவுக்குள் பிளவு வந்தது. திரட்டிய மதிப்பீடுகள் காணாமல் போயின. மறுபடியும் முதலிலிருந்து மதிப்பிட வேண்டியதாயிற்று. 1967இல்தான் நூல் வெளிவந்தது. முடிவு? மொத்தமாகப் பார்த்தால், சிகிச்சை பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆழ்ந்த புரிதல் கிடைத்த நோயாளிகள் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள், அது ஆறுதல். இன்னொரு முடிவுதான் நம்மைப் போன்றவர்கள் மனத்தில் இருத்த வேண்டியது. 'நான் இவரைப் புரிந்துகொண்டேன்' என்று சிகிச்சையாளர் நினைத்ததற்கும், நோயாளி உணர்ந்ததற்கும் பொருத்தமே இல்லை. பதிவைக் கேட்ட நடுவர்களின் கருத்து நோயாளி பக்கமே சாய்ந்தது!

இன்னும் ஒன்று நடந்தது. 1966இல் சார்ல்ஸ் டிரூவாக்ஸ் என்ற உளவியலாளர், ரோஜர்ஸ் நடத்திய ஒரு நீண்ட சிகிச்சையின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். நிபந்தனை இல்லாத ஏற்பு என்கிறாரே, உண்மையில் அப்படியா? இல்லை என்றது பதிவு. சிலவகைப் பேச்சு வரும்போது ரோஜர்ஸின் பரிவும் கனிவும் கூடின. வேறு வகைப் பேச்சுக்கு அவ்வளவு இல்லை. அவரை அறியாமலே அவர் தேர்ந்தெடுத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தச் சான்று எங்கிருந்து வந்தது? அவரே வைத்த ஒலிவாங்கியிலிருந்து வந்தது. அவர் கதவைச் சாத்தி வைத்திருந்தால் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ரோஜர்ஸ் எழுதியவற்றுள் எதைவிடவும், இதற்கு அவர் இடம் கொடுத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

விஸ்கான்சின் ஆய்வு நூலாக வருவதற்கு முன்பே அவர் பல்கலைக்கழகத்தை விட்டுக் கலிபோர்னியா போயிருந்தார். குழுச் சந்திப்புகள், கல்வி, வட அயர்லாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் பகைத்து நின்றவர்களை ஒரே அறையில் உட்காரவைத்த முயற்சிகள் என்று கடைசி இருபது ஆண்டுகளும் நிறைந்த ஆண்டுகள்தாம். ஆனால் கறாரான ஆராய்ச்சி அந்தக் காலத்தில் பின்னுக்குப் போய்விட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

ஐசன்க் கேட்ட கேள்வி என்ன ஆயிற்று? 1977இல் மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் நூற்றுக்கு 75 பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். பேச்சால் குணம் உண்டு. பரிவு மட்டும் போதும் என்ற ரோஜர்ஸின் வாக்கு நிற்கவில்லை. கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழல் நோய்க்கு, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் பயிற்சி தேவை. பரிவோடு கேட்பது மட்டும் போதாது. ஆனால் எந்த முறையைக் கையாண்டாலும், இருவருக்கும் இடையிலான உறவு நன்றாக இருந்தால் பலன் கூடுகிறது என்பது இன்று வரை ஆய்வுக்கு ஆய்வு உறுதியாகி வருகிறது.

அந்த ஒலிவாங்கி நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. கோவாவில் பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சை தந்தவர்கள் மருத்துவர்கள் இல்லை, உளவியல் பட்டதாரிகளும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். மூன்று மாதத்தில் மனச்சோர்வு நீங்கியவர்கள் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர், பெறாதவர்களில் 39 பேர். அந்த ஆலோசகர்களின் தரத்தைக் காத்தது எது? சந்திப்புகளைப் பதிவு செய்து, கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவர் வேலைக்கு மற்றவர் மதிப்பெண் போட்டார்கள். 1940இல் ஓஹையோவில் அந்த இயந்திரத்தைச் சுற்றி நடந்ததும் இதுதான்.

ஆகவே, இந்த அரங்கில் இருக்கும் பயிற்சி நிறுவனத்தாரிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். உங்களிடம் சான்றிதழ் வாங்கிப் போகும் ஆலோசகர்களில் எத்தனை பேர் ஒரு முழுச் சந்திப்பில் தங்கள் குரலைத் தாங்களே கேட்டிருக்கிறார்கள்? வந்தவரிடம் விளக்கிச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். பெயரை நீக்குங்கள், பதிவைப் பூட்டி வையுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஆனால் பதிவு செய்யுங்கள். மாணவரோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் சொந்தப் பதிவை முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். வருகிற கல்வியாண்டின் பாடத்திட்டத்தில் இதற்கென்று வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதை எப்படிச் செய்வது என்று பேச விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.